நாலுக்கு இருபத்தைந்தோ, இருபத்தாறோ?

சிகாகோ என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் நெஞ்சில் தோன்றுவது, 1893-ஆம் ஆண்டில் அந்நகரில் கூடிய சர்வசமயப் பேரவையும் அதில் முழங்கிய விவேகானந்த அடிகளின் குரலுமே ஆகும். அந்நகரின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்ட இசைக்குழு ஒன்று உண்டு. 1970-ஆம் ஆண்டில் அக்குழு வெளியிட்ட ஒரு பாடல் கடல் கடந்து பல நாடுகளிலும் ஒலித்தது. அதன் பெயர் ‘ட்வென்ட்டி ஃபைவ் ஆர் சிக்ஸ் டு ஃபோர்’ என்பதாகும். அப்பாடலின் வரலாற்றையும், அதனை நேசித்தோர் நினைவுகளையும் சங்கத்து அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘மேனாட்டு ராக் இசைக்கும் நம் தமிழ்ச் சங்க மலருக்கும் யாது தொடர்பு?’ என அன்பர் சிலர் வினவக்கூடும். பிழைப்பு நாடி இரயிலேறிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள், தங்கள் கலையையும் மூட்டையோடு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்த கதையே இப்பாடலின் வேராக அமைந்துள்ளது. கரக்பூர் இரயில்வே குடியிருப்பில் வாழும் நமக்கு அக்கதை அயலார் கதை அன்று.

இரயிலேறி வந்த இசை

அமெரிக்கத் தென்மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்கள், நிறவெறிக் கொடுமைக்கும் வறுமைக்கும் ஆற்றாது வடபுல நகரங்களை நோக்கிப் பெயர்ந்தனர். 1910 முதல் 1970 வரை இவ்வாறு பெயர்ந்தோர் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் என்பர். அவருள் பல்லாயிரவரைச் சிகாகோவில் கொண்டு சேர்த்தது இல்லினாய்ஸ் சென்ட்ரல் என்னும் இருப்புப்பாதை. 1922-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து அவ்வண்டியில் வந்திறங்கிய இளைஞர் ஒருவர், கிங் ஆலிவர் என்பாரின் குழுவில் கார்னெட் வாசிப்பவராகச் சேர்ந்தார். அவரே பிற்காலத்தில் உலகம் போற்றிய லூயி ஆம்ஸ்ட்ராங் ஆவார். காளம் ஊதும் கலை அந்நகரில் ஆழ வேரூன்றியதற்கு இத்தகைய குடிபெயர்ந்தோரே முதற்காரணர்.

ஆயினும் 1950-களில் எழுந்த ராக் இசையில் கிட்டாரே அரசுக் கட்டிலில் அமர்ந்தது. நம் முன்னோர் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்தனர். அப்பகுப்பின்படி சொல்வதானால், நரம்புக்கருவியும் தோற்கருவியும் மேடையின் முன்வரிசையில் நிற்க, துளைக்கருவியாளர் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டனர். ஜேம்ஸ் பிரவுன் போன்ற கறுப்பினப் பாடகர்களின் குழுக்களில் ஊதுகருவிகள் உயிர்ப்புடன் விளங்கின என்பது மெய்யே. எனினும் அங்கும் பாடகருக்கே மாலை. ஊதியவர் பெயரை அறிந்தவர் சிலர். திருமண ஊர்வலத்தில் பாண்டு வாசிப்போரை நாம் நோக்குவதுண்டா? கண்கள் எல்லாம் மணமகன் ஏறிய குதிரை மேலன்றோ இருக்கும்!

எழுவர் கூடிய குழு

1967-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வால்டர் பராசைடர் என்னும் இளைஞரின் இல்லத்தில் சில நண்பர்கள் கூடினர். பராசைடர் டிபால் பல்கலைக்கழகத்தில் இசை பயின்றவர். சாக்சபோனும் புல்லாங்குழலும் வாசிப்பவர். டிரம்பெட் வாசிக்கும் லீ லாக்னேன், டிரம்போன் வாசிக்கும் ஜேம்ஸ் பேங்கோ, கிட்டார் வாசிக்கும் டெரி கேத், டிரம்ஸ் வாசிக்கும் டேனி செராஃபின், விசைப்பலகை வாசிக்கும் ராபர்ட் லாம் ஆகியோர் உடனிருந்தனர். அவ்வாண்டின் இறுதியில் பீட்டர் செட்டெரா ஏழாமவராகச் சேர்ந்தார். ஊதுகருவியாளர் மூவரும் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் அல்லர்; ஏனைய நால்வரோடு சரிநிகராக அமர்ந்த பங்காளிகள். பாடலுக்கு இடையிடையே ஒலி கூட்டும் அணிகலனாக அன்றி, பாடகரோடு எதிர்நின்று உரையாடும் மற்றொரு குரலாக ஊதுகருவிகளை ஆக்க வேண்டும் என்பதே ஊதுகருவிப் பகுதிகளை அமைத்த பேங்கோவின் கொள்கை.

இத்துறையில் இவர்களே முதல்வர் என்று கூறிவிட இயலாது. நியூயார்க்கில் ஆல் கூப்பர் 1967-இல் தொடங்கிய ‘பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்’ குழுவும் இதே வழியில் நடந்தது. அக்குழுவின் இரண்டாம் இசைத்தட்டை ஆக்கித் தந்த ஜேம்ஸ் வில்லியம் குவெர்சியோ என்பாரே நம் எழுவரையும் 1968-இல் லாஸ் ஏஞ்சலசுக்கு அழைத்துச் சென்றவர்.

குழுவுக்கு அவர்கள் சூட்டிய பெயர் இரயில்வே ஊழியனாகிய எனக்குப் பெருமகிழ்ச்சி தருவது. சிகாகோ நகரின் பேருந்துகளையும் நகர இரயில்களையும் நடத்தும் பொது நிறுவனத்தின் பெயரையே, ‘சிகாகோ டிரான்சிட் அத்தாரிட்டி’ எனத் தம் பெயராக வைத்துக்கொண்டனர்! 1969-இல் முதல் இசைத்தட்டும் அப்பெயரிலேயே வெளிவந்தது. அந்நிறுவனம் வழக்குத் தொடுப்பதாக எச்சரிக்கவே, பெயரைச் சுருக்கிச் ‘சிகாகோ’ என்று மட்டும் வைத்துக்கொண்டனர். மற்ற ஊர்களிலும் போக்குவரத்து நிறுவனத்தின் பெயரை இளைஞர்கள் இத்துணை ஆர்வத்தோடு சூடிக்கொள்வார்களேயானால் நமக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

கடிகாரம் தந்த தலைப்பு

பாடலை இயற்றியவர் ராபர்ட் லாம். லாஸ் ஏஞ்சலசில் சன்செட் வீதிக்கு மேலுள்ள குன்றின்மேல் ஒரு வீட்டில் அவர் அப்பொழுது தங்கியிருந்தார். நகரத்து விளக்குகளைப் பார்த்தவண்ணம், உறக்கமின்றிப் பாட்டொன்று எழுத முயன்றார், சொல் வரவில்லை. கடிகாரத்தை நோக்கினார். விடியற்காலை நான்கு மணிக்கு இருபத்தைந்து நிமிடமோ, இருபத்தாறு நிமிடமோ இருந்தது. அதுவே தலைப்பாயிற்று. பாட்டு எழுத வாராத துன்பமே பாட்டுக்குப் பொருளாயிற்று.

இத்துணை எளிய செய்தியை உலகம் எளிதில் நம்பவில்லை. எண்களில் மறைபொருள் தேடினர் சிலர். போதைப்பொருளின் அளவு என்றனர் வேறு சிலர். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில், போதைப்பொருளைக் குறிக்கிறது என்னும் ஐயத்தால் இப்பாடல் 1970-இல் தடைசெய்யப்பட்டது. 1993-இல்தான் அத்தடை நீங்கியது. உழைப்பாளி ஒருவன் விழித்திருந்த இரவுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் தண்டனை கிடைத்தது எனலாம்.

இருப்புப்பாதைக்கும் கடிகாரத்துக்கும் உள்ள உறவு நாம் அறிந்ததே. அமெரிக்க இருப்புப்பாதைகள் ஊருக்கொரு நேரமாகத் தடுமாறிய நிலையை ஒழிக்க, 1883-ஆம் ஆண்டு அக்டோபரில் இரயில்வே அதிகாரிகள் கூடி முடிவு செய்த நகரமும் இதே சிகாகோதான். அவ்வாண்டு நவம்பர் 18-இல் புதிய பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. இந்திய இருப்புப்பாதைகளோ அந்நாளில் சென்னை வான்நோக்கு நிலையத்தின் நேரத்தையே பொதுநேரமாகக் கொண்டிருந்தன. 1906-இல்தான் இந்தியத் திட்டநேரம் வந்தது. நிமிடக் கணக்கில் வாழும் நம் போன்றோர்க்கு, ‘இருபத்தைந்தோ, இருபத்தாறோ’ என்று ஒரு நிமிடத்தைத் துணிய மாட்டாது கண் மயங்கும் அந்நிலை நன்கு விளங்கும்.

பாடலின் அமைப்பு

மெட்ரிகுலேசன் வரை மட்டுமே பயின்ற நான் இசை இலக்கணம் கற்றவன் அல்லன். கேள்வி அறிவைக் கொண்டே கூறுகிறேன். கிட்டார் முதலில் ஐந்து சுரங்களில் படிப்படியாக இறங்குகிறது. நம் முறையில் சொல்வதானால், மேல் சட்சத்தில் தொடங்கிக் கைசிகி நிஷாதம், சதுசுருதி தைவதம், சுத்த தைவதம் எனக் கீழிறங்கிப் பஞ்சமத்தில் நிற்கிறது. நம் இராகங்களில் இரு தைவதங்களும் இங்ஙனம் அடுத்தடுத்து வருவது அரிது. அதனாலேயே அவ்விறக்கம் நம் செவிக்குப் படி தவறுவது போன்ற ஒரு திடுக்கீட்டைத் தருகிறது. அவ்விறக்கம் மீண்டும் மீண்டும் சுழல, அதன்மேல் மூன்று ஊதுகருவிகளும் ஒன்றுசேர்ந்து பாய்கின்றன.

பாடியவர் செட்டெரா. 1969-இல் பேஸ்பால் ஆட்டம் காணச் சென்ற இடத்தில் சிலர் தாக்கியதால் தாடை எலும்பு முறிந்து, கம்பியால் கட்டப்பட்டவர் அவர். வாயை அதிகம் திறவாது பாடும் அவரது பாணி அத்துன்பத்தின் விளைவே என்பர். பாட்டின் இடையில் டெரி கேத் காலால் மிதித்து ஒலியை வளைக்கும் கருவியோடு கிட்டாரை நெடுநேரம் தனித்து வாசிக்கிறார். இசைத்தட்டில் ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஓடிய பாடல், வானொலிக்காக மூன்று நிமிடத்துக்குள் சுருக்கப்பட்டது. 1970-இல் அமெரிக்க விற்பனை வரிசையில் 4-ஆம் இடத்தையும், பிரிட்டனில் 7-ஆம் இடத்தையும் அது அடைந்தது.

நேயர் நினைவுகள்

நம் குடியிருப்பில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் ஒருவர், கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இளமையில் நடன இரவுகளில் டிரம்பெட் வாசித்தவர். “இந்த ரிக்கார்டு வரும்வரை பையன்கள் கிட்டார்க்காரனிடம் மட்டுமே பேச வருவார்கள், வந்த பிறகுதான் என் டிரம்பெட்டைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்கள்” என்று அவர் என்னிடம் கூறியதுண்டு. அதைக் கூறும்பொழுது அவர் குரலில் இருந்த பெருமிதத்தை நான் மறக்கவில்லை.

சங்கத்து மூத்த அன்பர் ஒருவர், சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தபொழுது இப்பாடலை இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் கேட்டவர். தலைப்பை ஒரு கணக்கு என்றெண்ணி, தோழர்களோடு விடை கண்டுபிடிக்க ஓர் இரவு முழுதும் வாதிட்டாராம்! ‘விடை வரவில்லை, விடியல்தான் வந்தது’ என்பார் அவர்.

அமெரிக்க நாட்டிலோ, பள்ளி, கல்லூரிப் பாண்டு அணிகள் விளையாட்டுத் திடல்களில் இப்பாடலை இன்றளவும் முழக்கி வருகின்றன. பள்ளியில் டிரம்போன் சுமந்து திரிந்த மாணவர்க்கு, தம் கருவிக்கும் இக்காலத்தில் இடமுண்டு என்னும் துணிவை அளித்த பாடல் இது. பார்சல் அலுவலகத்தில் இரவுப் பணி பார்த்த ஆண்டுகளில் நானும் இதன் பொருளை உணர்ந்தேன். இரவு பன்னிரண்டைக் கடப்பது எளிது. ஐந்து மணிக்கு விடியலின் துணை வந்துவிடும். மூன்றரைக்கு மேல் நான்கு வரையுள்ள அரைமணியே மலையினும் நீளமானது. அந்த அரைமணிக்கு ஒரு பாட்டு உண்டு என்பதே ஓர் ஆறுதல் அன்றோ!

பின்னர் நேர்ந்தவை

1978-ஆம் ஆண்டு ஜனவரி 23-இல் டெரி கேத் தம் கைத்துப்பாக்கி எதிர்பாராது வெடித்ததால் உயிர் நீத்தார். அப்பொழுது அவர்க்கு அகவை 31. குழு தொடர்ந்து பாடியது, பெரும்பொருளும் ஈட்டியது. ஆயின் 1982-இல் முதலிடம் பெற்ற ‘ஹார்ட் டு சே ஐ’ம் சாரி’ போன்ற மென்காதற் பாடல்களில், ஊதுகருவிகள் மீண்டும் பின்வரிசைக்குச் சென்றன. எந்த இடத்தை வெல்வதற்காக எழுவரும் கூடினரோ, அந்த இடம் அவர்தம் வீட்டிலேயே பறிபோயிற்று என்று பழைய நேயர்கள் வருந்துவர். செட்டெரா 1985-இல் விலகினார். 1986-இல் குழு இதே பாடலைப் புதுக்கருவிகளோடு மீண்டும் பதிவு செய்தது. அது 48-ஆம் இடத்தோடு நின்றது. இன்று மக்கள் விரும்பிக் கேட்பதும், பாண்டு அணிகள் வாசிப்பதும் 1970-ஆம் ஆண்டின் வடிவத்தையே. 2016-இல் ராக் இசைப் பெருமைக்கூடத்தில் இக்குழு ஏற்றுக்கொள்ளப்பட்டபொழுது, மறைந்த கேத் உள்ளிட்ட எழுவர் பெயரும் ஒன்றாகவே பொறிக்கப்பட்டன.

அன்பர்களே! நியூ ஆர்லியன்சிலிருந்து இரயிலேறி வந்தவர்கள் சிகாகோவில் விதைத்த கலை, அந்நகரத்து இளைஞர் கையில் மற்றொரு வடிவம் பெற்று, கரக்பூர் வரை வந்து ஓர் இரயில்வே கார்டுக்குத் தலைநிமிர்வு தந்தது. நம் சங்க விழாவிலும் நாதசுரம், தவில் வாசிக்கும் கலைஞர்கள் நெடுந்தொலைவிலிருந்து வருகின்றனர். விழா தொடங்கும்வரை வாசிக்கட்டும் என்று அவர்களை வாயிலிலேயே நிறுத்திவிடாமல், அரைமணி நேரமேனும் மேடை நடுவே அமரச்செய்து, பேச்சை ஒழித்துக் கேட்போமாக. ஊதுவோர் மூச்சுக்கு நாம் அளிக்கக்கூடிய மரியாதை அதுவே.

வாழ்க கலை! வளர்க நம் சங்கம்!