மூவாயிரம் பேருக்கு ஒரு மிட்வைஃப்

கற்பிட்டியில் ஒரு பெண் கர்ப்பமானால் அந்த ஊர்ப் பிரிவின் மிட்வைஃப் பதிவேட்டோடு வீடு தேடி வரவேண்டும். இந்த ஏற்பாட்டின் வேர் களுத்துறையில் இருக்கிறது. கொக்கிப்புழு ஒழிப்புக்காக இலங்கைக்கு வந்திருந்த ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு, 1926இல் முதல் சுகாதாரப் பிரிவு அங்கே தொடங்கியது. ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்கள், தாதியர், மருத்துவிச்சிகள். எல்லை வகுத்த நிலத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு வீடும், நோயில்லாத வீடும்கூட, அவர்கள் பொறுப்பு. ஆஸ்பத்திரிக் கட்டில்களை எண்ணி ஆள் போட்ட காலத்தில் வீடுகளை எண்ணத் துணிந்தது பெரிய காரியம்.

இதன் அருமையை உயிர்விலை கொடுத்துக் கற்ற ஊர்களில் சிலாபமும் ஒன்று. 1934இல் மழை பொய்த்தது. தெதுறு ஓயா வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்க, அந்தத் தண்ணீரில் மலேரியா நுளம்பு பெருகியது. 1935 நடுப்பகுதிக்குள் நாடெங்கும் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். அதன்பின் சுகாதாரப் பிரிவுகள் மற்ற மாவட்டங்களுக்கும் வேகமாகப் பரவின. 1930களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கும் மேல் இருந்த தாய் மரணம் அண்மை ஆண்டுகளில் 30ஐ ஒட்டி நிற்கிறது. மருந்துக்கும் இலவச ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் வாசலுக்கு வந்த அந்தப் பெண்களை நான் முதலில் வணங்குவேன்.

மூவாயிரம் பேருக்கு ஒரு மிட்வைஃப் என்பதே பொதுவான அளவு. கற்பிட்டியும் சிலாபமும் இருக்கும் புத்தளக் கரையில் இந்த அளவு தடுமாறுகிறது. சிலாபம் நகரில் மூவாயிரம் பேர் என்றால் சில தெருக்கள். கற்பிட்டிப் பக்கம் களப்பும் மணலும் குறுக்கே கிடக்கின்றன. பத்தலங்குண்டுத் தீவுக்குப் படகில்தான் போகவேண்டும். சோழகம் வீசி மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது, இந்தக் கரையோர மீனவர் பலர் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வாடி அடிக்கப் போய்விடுகிறார்கள். எந்த மாதத்தில் தலை எண்ணுவது?

1990 ஒக்டோபரில் தலைக்கணக்கே புரண்டது. விடுதலைப் புலிகள் வெளியேற்றிய வடக்கு முஸ்லிம்களில் பல்லாயிரம் பேர் புத்தளம் வந்து சேர்ந்தார்கள். மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் இறங்கியவர்கள் பலர். கிடுகுக் குடிசைகளில் ஆண்டுகள் ஓடின. வாக்காளர் பதிவு வன்னியில், பிரசவம் புத்தளத்தில். பதிவை மட்டும் பார்த்து ஆள் ஒதுக்கினால் இந்தத் தாய்மார் எவர் கணக்கிலும் வரமாட்டார்கள்.

சுகாதாரம் இப்போது மாகாண சபையின் பொறுப்பிலும் இருக்கிறது. கற்பிட்டிக்கு எத்தனை மிட்வைஃப் என்று எழுதும்போது, தலைக்கணக்கின் பக்கத்தில் படகில் போகும் நேரத்தையும் சோழக மாதங்களையும் சேர்த்து எழுதவேண்டும். அந்த மிட்வைஃப்களில் தமிழ் பேசத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பதையும் எழுதவேண்டும். இரத்தப்போக்கு எப்போது தொடங்கியது என்ற கேள்வி கர்ப்பிணிக்குப் புரிந்தாக வேண்டும்.