டாக்கில் இணைத்த மானிட்டர் லினக்ஸில் மங்கலாகத் தெரிகிறதா? செலவு செய்யும் முன் காரணத்தைக் கண்டறியுங்கள்

மடிக்கணினியையே மேசைக் கணினியாகப் பயன்படுத்துவோர் பலர். டாக்கிங் ஸ்டேஷன் என்ற சிறு பெட்டியை ஒரே கேபிளில் இணைத்துவிட்டால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் கேபிள் அனைத்தும் ஒருசேர வேலை செய்யும். ஆனால் லினக்ஸில் இப்படி இணைக்கும்போது சிலருக்கு ஒரு சிக்கல் எழுகிறது. 1920×1080 மானிட்டரில் 1024×768-க்கு மேல் தேர்வு செய்ய வழியில்லாமல் போகிறது. அல்லது 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுகிறது. மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்கிறது.

இது அழகு சம்பந்தப்பட்ட சிறு குறை மட்டுமல்ல. எல்சிடி திரை தனக்குரிய அளவில் இயங்காதபோது எழுத்துகளின் விளிம்புகள் மங்கிவிடும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும், அரபியில் எழுத்தின் மேலும் கீழும் வரும் புள்ளிகளும் தெளிவாகத் தெரியாவிட்டால், மெய்ப்புத் திருத்துபவரின் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். மறுபுறம், காரணம் தெரியாமலேயே புதிய டாக்கும் புதிய மானிட்டரும் வாங்கிய பிறகு, குறை கேபிளில்தான் இருந்தது என்று அறிபவர்களும் உண்டு. எனவே காரணத்தைக் கண்டறியும் முறையை வரிசையாகப் பார்ப்போம்.

அளவை முடிவு செய்வது எது?

மானிட்டருக்குள் ஒரு சிறு நினைவகம் இருக்கிறது. தன்னால் எந்தெந்த அளவுகளில், எத்தனை ஹெர்ட்ஸில் படம் காட்ட முடியும் என்ற விவரம் அதில் பதிந்திருக்கும். இதற்கு ஈடிஐடி என்று பெயர். இதன் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகள் மட்டுமே. கணினி இந்த விவரத்தைப் படித்து, அவற்றுள் தன் கிராபிக்ஸும் இணைப்பு வழியும் தாங்கக்கூடிய அளவுகளை மட்டும் பட்டியலிடுகிறது.

ஆகவே, நாம் விரும்பும் அளவு பட்டியலில் இல்லையென்றால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, மானிட்டரின் விவரம் கணினிக்கு வந்து சேரவில்லை. மற்றொன்று, விவரம் வந்துவிட்டது. ஆனால் வழியில் ஏதோ ஒன்று அந்த அளவைத் தாங்கவில்லை.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்து பாருங்கள். மானிட்டரின் நிறுவனப் பெயரோ மாடலோ தெரிந்தால் விவரம் வந்துவிட்டது என்று பொருள். பெயர் எதுவும் தெரியாமல், உச்ச அளவு 1024×768 என்று நின்றால் விவரம் வரவில்லை. ஈடிஐடி கிடைக்காதபோது லினக்ஸ் பாதுகாப்புக்காக அந்த அளவு வரை மட்டுமே அனுமதிக்கும்.

முதலில் செய்ய வேண்டிய சோதனைகள்

முதலாவதாக, ஸ்கேல் என்ற அமைப்பைப் பாருங்கள். அது 200 சதவீதம் என்றிருந்தால் ரெசொல்யூஷன் சரியாக இருந்தும் எழுத்துகள் பெரிதாகத் தெரியும். 125, 150 போன்ற அளவுகளில் சில செயலிகளின் எழுத்துகள் மங்கும். 100-க்கு மாற்றியதும் தெளிவானால் குறை ரெசொல்யூஷனில் இல்லை.

இரண்டாவதாக, டாக்கைத் தவிர்த்துவிட்டு, மானிட்டரை மடிக்கணினியின் ஹெச்டிஎம்ஐ துளையில் நேரடியாக இணையுங்கள். சரியான அளவு வந்தால் மானிட்டர் மீது குறையில்லை. டாக்கையும் அதற்கான கேபிளையும் ஆராய வேண்டும். அப்போதும் வராவிட்டால் டாக்கை மாற்றிப் பயனில்லை. ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்: பழைய மடிக்கணினிகளில் உள்ள ஹெச்டிஎம்ஐ 1.4, 4கே அளவில் 30 ஹெர்ட்ஸ்தான் தரும். 60 ஹெர்ட்ஸுக்கு 2.0 தேவை.

மூன்றாவதாக, இடையில் இருக்கும் கன்வெர்ட்டர், ஸ்ப்ளிட்டர், ஒரே மானிட்டரை இரு கணினிகளுக்கு மாற்றும் ஸ்விட்ச் ஆகியவற்றை நீக்கிப் பாருங்கள். மானிட்டரின் விவரம் வந்து சேராமல் போவது பல நேரங்களில் இவற்றால்தான். கேபிளையும் மாற்றிப் பாருங்கள். யுஎஸ்பி-சி கேபிள்கள் எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தாலும், சார்ஜ் செய்வதற்கென்றே செய்யப்பட்டவை படத்தைக் கடத்தா.

நான்காவதாக, டாக், மானிட்டர் இரண்டின் மின்னிணைப்பையும் பிடுங்கி, அரை நிமிடம் கழித்து மீண்டும் இணையுங்கள்.

மடிக்கணினியின் சொந்தத் திரையிலும் அளவை மாற்ற முடியவில்லையா? லினக்ஸ் நிறுவும்போது நோமோட்செட் என்ற துவக்க அமைப்பைச் சேர்த்து, அதை அப்படியே விட்டிருக்கலாம். அது கிராபிக்ஸ் டிரைவரை முழுமையாக இயங்க விடாது. அதை நீக்கினால் போதும்.

உங்கள் டாக் எந்த வகை?

டாக்குகளில் இரண்டு அடிப்படை வகைகள் உண்டு. முதல் வகை, கணினியின் கிராபிக்ஸ் உருவாக்கும் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை யுஎஸ்பி-சி அல்லது தண்டர்போல்ட் வழியே அப்படியே கடத்துவது. இதற்குத் தனி டிரைவர் தேவையில்லை. ஆனால் மடிக்கணினியின் யுஎஸ்பி-சி துளை படத்தை வெளியிடும் வசதி கொண்டதாக இருக்க வேண்டும். எல்லாத் துளைகளும் அப்படி இருப்பதில்லை.

இரண்டாவது வகை, டிஸ்ப்ளேலிங்க் சிப் கொண்டது. இது படத்தைச் சுருக்கி, சாதாரண யுஎஸ்பி தரவாக அனுப்புகிறது. இதற்குத் தனி டிரைவர் நிறுவ வேண்டும். டெர்மினலில் எல்-எஸ்-யு-எஸ்-பி என்ற கட்டளையைக் கொடுத்தால், இணைந்துள்ள சாதனங்களுள் டிஸ்ப்ளேலிங்க் பெயர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நேற்று வரை வேலை செய்தது கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு நின்றுவிட்டால், புதிய கெர்னலுக்கு ஏற்ப இந்த டிரைவர் அமையவில்லை என்று பொருள். மீண்டும் நிறுவ வேண்டும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில், கையொப்பமிடப்படாத டிரைவரை லினக்ஸ் ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

4கே ஏன் 30 ஹெர்ட்ஸில் நிற்கிறது?

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. யுஎஸ்பி-சி கேபிளில் அதிவேகப் பாதைகள் நான்கு. யுஎஸ்பி 3 வேகத்தையும் தரும் பல டாக்குகள், இரண்டு பாதைகளைத் தரவுக்கு ஒதுக்கி, மீதி இரண்டில் மட்டுமே படத்தை அனுப்புகின்றன. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தில் இந்த இரண்டு பாதைகள் விநாடிக்கு 8.64 ஜிகாபிட் படத்தைக் கடத்தும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 12 ஜிகாபிட்டுக்கும் மேல் தேவை. 30 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 7 போதும். எனவே அது 30-ல் நிற்பது லினக்ஸின் குறையல்ல. விண்டோஸுக்கு மாறினாலும் அதே நிலைதான்.

ஒரே டாக்கில் இரண்டு மானிட்டர்களை இணைத்தால் இந்த அளவை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். 1920×1080 மானிட்டருக்கு சுமார் மூன்றரை ஜிகாபிட் என்பதால் இரண்டும் இடம்பெறும். 2560×1440 மானிட்டர் ஒவ்வொன்றும் 6-ஐ நெருங்கும். இரண்டு சேர்ந்தால் இடம் போதாது. ஒன்றின் அளவைக் குறைத்தால் மற்றது சரியாகிவிடும் என்றால் காரணம் இதுதான்.

அளவைக் கையால் சேர்க்கலாமா?

வழியில் போதிய இடம் இருந்து, மானிட்டரின் விவரம் மட்டும் வராத நிலையில் இது உதவும். எக்ஸ்11 முறையில் இயங்கும் கணினியில், சி-வி-டி என்ற கட்டளையுடன் 1920 1080 60 என்று கொடுத்தால் தேவையான எண்கள் கிடைக்கும். அவற்றை எக்ஸ்-ஆர்-ஏ-என்-டி-ஆர் என்ற கட்டளையின் நியூமோட், ஆட்மோட் விருப்பங்கள் வழியாகப் பட்டியலில் சேர்க்கலாம். கணினியை மறுமுறை தொடங்கும்போது இது நீங்கிவிடும் என்பதால் சோதித்துப் பார்க்கத் தயங்க வேண்டாம். வேலண்ட் முறையில் இந்தக் கட்டளையால் புதிய அளவைச் சேர்க்க முடியாது. லாகின் திரையில் எக்ஸ்11 முறையைத் தேர்வு செய்யும் வசதி இருந்தால் அதில் நுழைந்து செய்யலாம்.

இடம் போதாத நிலையில் எந்தக் கட்டளையும் பயன் தராது. அப்போது டாக்கில் யுஎஸ்பி வேகத்தைக் குறைத்துப் படத்திற்கு முன்னுரிமை தரும் அமைப்பு உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் மடிக்கணினியில் தனி ஹெச்டிஎம்ஐ துளை இருக்கும்பட்சத்தில், ஒரு மானிட்டரை அதில் நேரடியாக இணைத்துவிடுங்கள்.

புதிய டாக் வாங்கியே ஆக வேண்டும் என்றால் கடையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது டிஸ்ப்ளேலிங்க் வகையா? எந்த டிஸ்ப்ளேபோர்ட் தரம்? நான் விரும்பும் அளவில் எத்தனை ஹெர்ட்ஸ் தரும்? பெட்டியின் மேல் பெரிதாக 4கே என்று அச்சிட்டிருப்பது மூன்றாவது கேள்விக்குப் பதிலாகாது.