குளிரைத் தேடி ஏறிய கொடிமலை

மலேசியாவின் பினாங்கில் குளிர்காலம் கிடையாது. டிசம்பரிலும் அதன் தலைநகர் ஜார்ஜ் டவுனின் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தொடும். ஆனாலும் குளிரைத் தேடி மலையேறும் பழக்கம் இந்தத் தீவில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. மலாய்க்காரர்கள் புக்கிட் பெண்டேரா என்றும் தமிழர்கள் கொடிமலை என்றும் சொல்லும் அந்த மலைதான் அதற்கு இடம். வரும் கப்பல்களைப் பற்றி ஊருக்கு அறிவிக்க அங்கே ஒரு கொடிமரம் நின்றது. உயரம் 735 மீட்டர். நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்குச் சற்று மேல் வெப்பம் குறைவதால், உச்சிக்குப் போனால் நான்கைந்து டிகிரி மிச்சம். நீலகிரிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

1786இல் ஃபிரான்சிஸ் லைட் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். காட்டை வெட்டி ஊர் சமைத்தவர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் நம்பினார்கள். ஆகவே உயரத்துக்குப் போனால் உயிர் பிழைக்கலாம் என்பது கணக்கு. லைட் மலைமேல் குதிரைப் பாதை போட்டார். ஸ்ட்ராபெரி பயிரிடப் பார்த்தார் என்பார்கள். ஸ்ட்ராபெரி ஹில் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அவரோ 1794இல் மலேரியாவில்தான் இறந்தார். கொசுதான் அந்தக் காய்ச்சலைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செக்கந்தராபாத்தில் கண்டுபிடிக்க இன்னும் நூறு ஆண்டுகள் பாக்கி இருந்தன. அதற்கு வெகு முன்பே கவர்னருக்கு பெல் ரெத்திரோ என்ற மாளிகையும், நோயாளிகள் தேறிவர ஒரு பங்களாவும் மலைமேல் எழுந்துவிட்டன. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் கால் வைத்தது 1819இல்தான். ஆங்கிலேயர் ஆண்ட ஆசியாவில் மலைவாசஸ்தலம் என்ற பழக்கம் தொடங்கிய இடங்களில் கொடிமலை மிகப் பழையது.

அன்றைக்கு மலையேறத் தயாராவது என்றால் என்ன? காலைப் பழக்குவதல்ல, ஆள் பிடிப்பது. குதிரையேறத் தெரிந்தவர் மட்டக்குதிரையில் போனார். பெண்கள், குழந்தைகள், நோயாளிகள், உடம்பு கனத்த துரைமார் எல்லோரும் டோலியில் போனார்கள். மூங்கில் கழிகளில் கட்டிய நாற்காலியை இந்தியத் தொழிலாளர்கள் பலர் சேர்ந்து தோளில் சுமந்தார்கள். பெட்டி படுக்கை, கம்பளி, சாமான், சட்டி எல்லாம் தலைச்சுமையாகப் பின்னால் வரும். குளிரை அனுபவிக்கப் போகிறவருக்கு வேர்க்கவே வேர்க்காது. வேர்வை எல்லாம் சுமப்பவருடையது.

அந்தச் சுமைகாரர்களின் பெயர்கள் எந்த மாளிகை வாசலிலும் இல்லை. அவர்கள் விட்டுப்போன அடையாளம் வேறு: மலைமேல் இருக்கும் அருளொளி திருமுருகன் ஆலயம். டோலி தூக்கியவர்களும் சிப்பாய்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழிபட்ட இடம் அது என்று கோயில் வரலாறு சொல்கிறது. டோலி தூக்கியவர்களில் தமிழர் இருந்தார்களா என்று தனியாக ஆவணம் தேட வேண்டியதில்லை. குன்று கண்டதும் முருகனை வைத்தவர்கள் வேறு யாராக இருக்க முடியும்?

டோலிக்கு மாற்றுத் தேடியதில் முதல் முயற்சி தோற்றது. 1906இல் முடிந்த மலை ரயில் கோளாறால் ஓடவே இல்லை. இரண்டாவது ரயில் 1923 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. 1924 ஜனவரி 1ஆம் தேதி கவர்னர் லாரன்ஸ் கில்லிமார்ட் அதை முறைப்படி திறந்து வைத்தார். பாதி வழியில் வண்டி மாறி, அரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விட முடிந்தது. டோலிக்காரரின் பிழைப்பு அதோடு போயிற்று. 2011இல் வந்த புதிய வண்டி மாறாமலே சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய் விடுகிறது.

மலேசியர்களின் மலையேற்றம் கொடிமலையோடு நிற்கவில்லை. 1997 மே 23 அன்று எம். மகேந்திரனும் என். மோகன்தாஸும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அந்த உச்சியை எட்டிய முதல் மலேசியர்கள் அவர்கள்தான், இருவரும் தமிழர்கள். பனியே விழாத நாட்டிலிருந்து போனவர்கள், பனியில் நடக்க வெளிநாட்டு மலைகளில்தான் பழக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மலையேற்றம் இந்த நாட்டுச் சாதாரணக் குடும்பங்களிலும் பேச்சாயிற்று. எல்லோருக்கும் எவரெஸ்ட் கிட்டாது, கினபாலு கிட்டும். சபா மாநிலத்தில் 4,095 மீட்டர் உயர்ந்து நிற்கும் அந்தச் சிகரம்தான் மலேசியர் பலருக்கு முதல் நிஜக் குளிர்.

அதற்குப் பழகப் பினாங்குக்காரர்கள் ஏறுவது அதே கொடிமலையை. தாவரவியல் பூங்காவின் அருகே மூன் கேட் என்னும் வட்ட வாசலில் தொடங்கி, 84 என்ற ஓய்விடம் வரை காட்டுப்பாதை. அங்கிருந்து ஜீப் ஓடும் தார்ச்சாலை. சனி, ஞாயிறு விடியற்காலையில் பை நிறைய தண்ணீர் பாட்டிலை ஏற்றிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால், மலைமேல் தண்ணீர் கிடைக்காதோ என்று நினைக்கக் கூடாது. பாட்டில்கள் வெறும் பாரத்துக்கு. ஒரு காலத்தில் அடுத்தவர் தோளில் ஏற்றிய சுமையை இவர்கள் விரும்பித் தங்கள் தோளிலேயே ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஆனால் கொடிமலை காலுக்கும் மூச்சுக்கும்தான் பயிற்சி தரும்; குளிருக்குத் தராது. இங்கே பருத்திச் சட்டை தெப்பமாக நனைந்தாலும் கேடில்லை. கினபாலுவில் 3,200 மீட்டருக்கு மேலுள்ள விடுதியிலிருந்து நள்ளிரவு கழிந்து இரண்டு மணி வாக்கில் கிளம்ப வேண்டும். விடியும் நேரத்தில் உச்சியில் குளிர் உறைநிலையை நெருங்கும். வேர்வையில் நனைந்த பருத்தி அப்போது உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சீக்கிரம் உலரும் செயற்கை இழைச் சட்டை உள்ளே, கம்பளி போன்றது நடுவே, காற்றைத் தடுக்கும் மேலங்கி வெளியே என்று அடுக்கிப் போட்டு, சூடேறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றவும் தெரிய வேண்டும். கையுறையையும் தலைவிளக்கையும் மறந்தவர் பாதி வழியில் திரும்புவார். வெப்ப நாட்டில் வளர்ந்தவருக்கு எளிதில் புரியாத சேதி ஒன்று உண்டு: ஏறும்போதைவிட நின்று படம் எடுக்கும்போதுதான் குளிர் பிடிக்கும்.

இறக்கத்தைப் பற்றித்தான் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. கினபாலு உச்சியிலிருந்து 1,866 மீட்டரில் ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாசல் வரை, ஏறிய அன்றே இறங்கிவிடுவது வழக்கம். கொடிமலையை மூன்று முறை இறங்குவதற்கு அது சமம். முழங்கால் நம் சொல்லைக் கேட்காத நேரம் அதுதான். பினாங்கில் பழகுகிறவர்களில் பலர் மேலே போய்த் தேநீர் குடித்துவிட்டு, ரயிலில் கீழே வந்துவிடுகிறார்கள். அனுபவசாலிகள் திட்டுவது இதற்குத்தான். ஜீப் பாதையின் ஐந்து கிலோமீட்டர் செங்குத்துச் சரிவில் திரும்பவும் நடந்தே இறங்கச் சொல்கிறார்கள், மறுநாள் மாடிப்படி இறங்கக் கைப்பிடி தேவைப்பட்டாலும்.