திருநள்ளாற்றில் பிறந்த ஒரு டவர் பதிவு

நளன் குளத்தில் தலைமுழுகிய பக்தர் ஒருவர் கரையேறியதும் வீட்டுக்குப் போன் செய்கிறார். பேச்சு முடிந்ததும் தொலைபேசி நிறுவனத்தின் கணினியில் ஒரு பதிவு பிறந்துவிடுகிறது. அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், நேரம், போனின் அடையாளமான ஐஎம்இஐ எண், அழைப்பு தொடங்கிய டவர், முடிந்த டவர்: அதில் முக்கியமாக இருப்பவை இவை.

அவர் குளக்கரையில் நின்றார் என்று அந்தப் பதிவு சொல்லாது. ஒரு டவரின் வீச்சு நகரத்தில் சில நூறு மீட்டர். வயல்வெளியில் சில கிலோமீட்டர். சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தில் பக்கத்து டவர் திணறினால், போன் தள்ளியிருக்கும் இன்னொன்றைப் பிடிக்கும். திருநள்ளாறு புதுச்சேரியின் காரைக்கால் பகுதியில் இருக்கிறது. காரைக்காலுக்குக் கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. ஆகவே புதுச்சேரி மண்ணில் பேசியவரின் பதிவில் எல்லைக்கு அப்பாலுள்ள டவர் இருக்கவும் கூடும்.

இந்தப் பதிவுக்கு ஆயுளும் உண்டு. 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட உரிம விதிப்படி நிறுவனம் அதை 2 ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும். அதற்குள் போலீஸோ நீதிமன்றமோ கேட்டால், இத்தகைய கோரிக்கைகளைக் கவனிக்கும் நிறுவனத்தின் நோடல் அதிகாரியின் கையெழுத்தோடு வழக்குக் கட்டில் சேரும். யாரும் கேட்காவிட்டால் அழிந்துபோகலாம்.

கோர்ட் வாசலில்தான் அதற்குப் பெரிய சோதனை. 2000-இல் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65பி பிரிவு, மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கேட்டது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சான்றிதழ் இல்லாத அழைப்புப் பதிவுகளையும் ஏற்றது. 2014-இல் அன்வர் வழக்கு அந்த வழியை அடைத்தது. 2018-இல் இன்னொரு தீர்ப்பில் அந்தப் பிடி தளர்ந்தது. 2020 ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் மூன்று நீதிபதிகள், நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று தீர்த்துவைத்தார்கள். நிறுவனம் தர மறுத்தால் நீதிபதியிடம் மனுப் போடலாம் என்றும் வழிகாட்டினார்கள். சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, நிபுணரின் கையெழுத்தையும் பதிவு சிறிது மாறினாலும் மாறிவிடும் அதன் ஹாஷ் மதிப்பையும் சேர்த்துக் கேட்கிறது.

இத்தனையும் பதிவு திருத்தப்படாமல் வந்ததற்கான உறுதிதான். போன் யார் கையில் இருந்தது என்பதை வேறு சாட்சியம் கொண்டு நிரூபிக்க வேண்டும். டென்மார்க்கில் போலீஸின் கணினி முறை அழைப்புப் பதிவுகளைப் பிழையாக மாற்றியது 2019-இல் வெளிவந்தபோது, 10,000-க்கும் மேற்பட்ட வழக்குகளை மறுபடி ஆராய வேண்டிவந்தது. டவர் பதிவை மட்டும் நம்பி ஒருவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது.

சம்பவ நேரத்தில் வேறு ஊரில் இருந்ததாகச் சொல்ல வேண்டியவருக்கும் இதே பதிவு துணை நிற்கும். உங்களுக்கு அந்த நிலை வந்தால், 2 ஆண்டுக் கெடு முடியும்வரை காத்திருக்காதீர்கள். பதிவைப் பாதுகாக்க உத்தரவு கேட்டு, வழக்கறிஞர் மூலம் உடனே நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள்.