சாலைத் தெருவில் ஒரு கல்லாப்பெட்டி

போன மாதம் இங்கே நியூ ஜெர்சியில், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி இடைவேளையில் காபி குடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு நண்பர் கேட்டார். "அண்ணா, பொண்ணு நல்லா கதை எழுதுறா. பன்னெண்டு வயசாச்சு. இப்பவே அவளுக்குன்னு ஒரு பிராண்ட் உருவாக்கணும்னு சொல்றாங்க. வெப்சைட், ஒரு நல்ல போட்டோ, 'நான் யார்'னு ரெண்டு வரி... நீங்க ஏதோ எழுதுறவர்தானே, என்ன சொல்றீங்க?"

நான் எழுதுவது இருக்கட்டும். காரில் திரும்பி வரும்போது எனக்கு ஞாபகம் வந்தவர் திருவனந்தபுரம் சாலைத் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு மனிதர், ஆ. மாதவன். அந்தத் தெருவின் பெயரைச் சொன்னால் அவர் பெயரும், அவர் பெயரைச் சொன்னால் அந்தத் தெருவும் தமிழ் வாசகர்களுக்குச் சேர்ந்தே ஞாபகம் வரும். இதைவிடப் பெரிய பிராண்ட் எந்த எழுத்தாளருக்குக் கிடைத்திருக்கிறது? அதற்காக அவர் என்ன செய்தார் என்று யோசித்தால், ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதைத் தவிர எதுவும் தோன்றவில்லை.

முதலில் தெருவைச் சொல்லிவிடுகிறேன். பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்கே கோட்டை வாசலில் இருந்து வெளியே வந்தால் எதிரே தொடங்கி, ஆரியசாலை, கிள்ளிப்பாலம் என்று போகிற கடைத்தெருதான் சாலை. மலையாளத்தில் 'சால' என்பார்கள். அப்படியே நேராகப் போனால் கரமனை, நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம் தாண்டி நாகர்கோவில். எங்கள் ஊர்க்காரர்களுக்கு திருவனந்தபுரம் என்றால் பாதி பத்மநாபசுவாமி, பாதி சாலை. (கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே சாலைக்குப் போனவர்களும் உண்டு.)

18ஆம் நூற்றாண்டின் கடைசியில், தர்மராஜா என்று அழைக்கப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலத்தில், திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் இந்தச் சந்தையை உருவாக்கினார். ஆலப்புழைத் துறைமுகத்தையும் வளர்த்தவர் அவரே. கேசவதாஸ் வில்லவங்கோடு பக்கத்து ஆள், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். சின்ன வயதில் ஒரு வியாபாரியின் கடையில் வேலை பார்த்தவர் என்று சொல்வார்கள். கடையில் நின்று பழகிய ஆளுக்குத்தான் ஒரு தலைநகருக்குக் கடைத்தெரு எவ்வளவு முக்கியம் என்று தெரியும் போலிருக்கிறது. 1795-இல் திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்தை விட்டுத் திருவனந்தபுரத்துக்கு வந்தது. அரண்மனை, கோயில், பட்டாளம், உத்தியோகஸ்தர்கள் எல்லோருக்கும் அரிசியும் மிளகாயும் துணியும் வேண்டுமே. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் ஆரியங்காவு வழியாகவும் சரக்கு வந்தது. சரக்கோடு நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

'சாலை' என்ற பெயருக்கு இன்னும் பழைய வாசனை ஒன்றும் உண்டு. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வருகிற காந்தளூர்ச்சாலை இதன் பக்கத்தில் இருக்கிற வலியசாலைதான் என்று ஒரு கட்சி. இல்லவே இல்லை என்று இன்னொரு கட்சி. அந்தச் சாலை கல்விக்கூடமா, படைப்பயிற்சிக் கூடமா, அன்னசாலையா என்பதிலும் சண்டை. அந்தச் சண்டைக்கு இங்கே இடமில்லை. இந்தத் தெருவுக்குத் தமிழ் நேற்று வந்ததில்லை என்பது மட்டும் போதும்.

மாதவன் இந்தத் தெருவில்தான் 1934-இல் பிறந்து வளர்ந்தார். பெற்றோருக்கு வேர் செங்கோட்டை, நாகர்கோவில் பக்கம். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் வீட்டிலும் தெருவிலும் கிடைத்தது. மிச்சத்தைப் புத்தகங்களிலிருந்து தானே தேடி எடுத்துக்கொண்டார். நம் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம்தானே தமிழ் என்று நாம் அழுகிறோம் இல்லையா, அவருக்குப் பள்ளியில் அதுவும் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவரைச் சுற்றி ஒரு தெரு முழுக்கத் தமிழ் பேசிக்கொண்டும், திட்டிக்கொண்டும், விலை பேசிக்கொண்டும் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க முடியாத ஒரே விஷயம் அதுதான் என்று எனக்குத் தோன்றும். இலக்கணப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிடலாம். திட்டுகிற தெருவை எங்கே போய் வாங்குவது?

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் வந்தன. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1954 ஆகஸ்ட் 11-இல், தென் திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயிருந்தன. கடைசியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சாலை கேரளத்தில் நின்றுவிட்டது. மாதவனுக்கு அப்போது 22 வயது. பெற்றோரின் ஊர்ப்பக்கம் வேறு மாநிலமாகிவிட்டது. நாமெல்லாம் விமானம் ஏறி வந்து வெளியூர்த் தமிழர் ஆனோம். அவர் இருந்த இடத்தை விட்டு அசையாமலே வெளியூர்த் தமிழர் ஆனார்.

இளம் வயதில் அவருக்குத் திராவிட இயக்கத்தின் மேல் ஈடுபாடு இருந்தது. அந்தப் பத்திரிகைகளில் எழுதவும் செய்தார். ஆனால் பிறகு எழுதிய நல்ல கதைகளில் மேடைப் பேச்சின் அடுக்குமொழியைத் தேடினாலும் கிடைக்காது. தெரு அதையெல்லாம் கழுவிவிட்டது என்று நினைக்கிறேன். கத்தரிக்காய் விற்கிறவன் எதுகை மோனையோடு பேசமாட்டானே :-)

சாலையில் 'செல்வி ஸ்டோர்ஸ்' என்று அவருடைய கடை. பல பத்தாண்டுகள் அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். எழுத்தாளன் என்றால் ஊர் சுற்றவேண்டும், அனுபவம் தேடவேண்டும் என்றெல்லாம் சொல்கிறார்கள். கடைக்காரனால் எங்கே சுற்ற முடியும்? காலையில் திறந்தால் ராத்திரி பூட்டும் வரை இருக்கவேண்டும். ஆனால் எதிரே போவதும் வருவதும் எல்லாம் அவன் கண்ணில் படும். மூட்டை தூக்குகிறவர்கள், கைவண்டிக்காரர்கள், பிக்பாக்கெட்டுகள், பிச்சைக்காரர்கள், உடம்பை விற்றுப் பிழைக்கிற பெண்கள், வேலை இல்லாமல் சும்மா நிற்கிறவர்கள், நாய்கள். அவருடைய கதைகளில் வருகிறவர்கள் இவர்கள்தான்.

1980களின் கடைசியில், அக்கா கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்க, பெரியப்பாவோடு நானும் சாலைக்குப் போயிருக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாசனைதான் முதலில். காயம், புகையிலை, கருப்பட்டி, வாழைக்காய்த்தார், சாக்கு எல்லாம் கலந்த ஒன்று. தலையில் மூட்டையோடு ஒருவர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். நான் ஒதுங்கினேன். பின்னால் வந்த கைவண்டிக்காரர் என்னை மலையாளத்தில் திட்டினார். இரண்டு நிமிஷத்தில் பக்கத்துக் கடைக்காரரிடம் அதே ஆள் நல்ல திருநெல்வேலித் தமிழில் பீடி கேட்டார். ஒரு வாய்க்குள் இரண்டு மொழியா என்று நான் வாயைப் பிளந்து நின்றது பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "பராக்கு பாக்காம வாலே" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

பராக்குப் பார்ப்பது. குழந்தைகளுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்ட காரியம், அதையும் நாம் பத்து வயதில் நிறுத்திவிடுகிறோம். சந்தைக்குப் போகிற பெரியவர்கள் விலையைப் பார்ப்பார்கள், எடையைப் பார்ப்பார்கள், மிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சந்தையைப் பார்ப்பதில்லை. மாதவனும் வியாபாரிதான், விலையும் எடையும் அவருக்குப் பிழைப்பு. ஆனால் அந்தப் பராக்குப் பார்க்கிற பையனை அவர் கல்லாவுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்திருந்தார் என்பதற்குக் கதைகள் சாட்சி.

ஒன்று சொல்லவேண்டும். குழந்தையின் வியப்பு என்றதும் நமக்கு வண்ணத்துப்பூச்சியும் வானவில்லும் ஞாபகம் வருகின்றன. இது ஏமாற்று. தெருச்சண்டை நடந்தால் பெரியவர்கள் நியாயம் சொல்வார்கள், இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். சின்னப் பையன் இரண்டும் செய்யமாட்டான். கண்ணை எடுக்காமல் பார்ப்பான். மாதவனின் பார்வை அந்த வகை. 'பாச்சி' என்ற கதை ஒரு தெருநாயின் சாவையும், அதை நேசித்த நாணுவையும் பற்றியது. 'நாயனம்' கதையில் ஒரு சாவு வீடு. எல்லாம் தயாராக இருக்கிறது, நாயனக்காரர் மட்டும் வரவில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருக்கிறது. துக்கம் மெதுவாக எரிச்சலாக மாறுகிறது. வந்து சேர்கிற ஆளுக்கு வாசிக்கவும் தெரியவில்லை. அந்த அபசுரத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிற கூட்டத்தில் நாமும் நிற்கிறோம். 'எட்டாவது நாள்' என்ற குறுநாவலில் சாலையின் ஒரு பழைய ரவுடியின் கடைசி நாட்கள். யாரையும் அவர் திருத்தவில்லை, யாருக்காகவும் மன்னிப்புக் கேட்கவில்லை.

'கடைத்தெருக் கதைகள்' என்று ஒரு தொகுப்பு வந்தது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதில் நஷ்டமும் உண்டு, அதைத்தான் பிராண்ட் கேட்கிறவர்கள் கவனிக்கவேண்டும். 'புனலும் மணலும்' (1974) ஆற்றில் மணல் அள்ளிப் பிழைக்கிறவர்களைப் பற்றிய நாவல். அழகில்லாத வளர்ப்பு மகள் மேல் அங்குசாமிக்கு ஏன் அவ்வளவு வெறுப்பு என்று அது கேட்கிறது, பதில் சொல்வதில்லை. 'கிருஷ்ணப் பருந்து' நாவலில் ஊரே சாமியார் போல மதிக்கிற குருசாமி என்ற மனிதருக்குள் ஆசை கண் விழிக்கிறது. என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் அதுதான். இரண்டுமே கடைத்தெருவைத் தாண்டியவை. ஆனாலும் மாதவன் என்றால் பலருக்குக் கடைத்தெருக்காரர், அவ்வளவுதான். பி.கே. பாலகிருஷ்ணனின் 'இனி நான் உறங்கட்டும்' நாவலை மலையாளத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆர்.கே. நாராயண் மால்குடியை வைத்து உலகப் புகழ் பெற்றார், ஆனால் மால்குடி வரைபடத்தில் இல்லாத ஊர். அதை அவர் இஷ்டப்படி நீட்டலாம், சுருக்கலாம். நிஜத் தெருவை வைத்து எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. எழுதப்பட்டவன் நாளைக் காலையில் கடை வாசலில் வந்து நிற்பான்.

அதே ஊரில் அதே காலத்தில் இன்னும் இரண்டு பேர் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நகுலன் ஒருவர். கேரள மின்வாரியத்தில் பொறியாளராக இருந்த 'தலைமுறைகள்' நீல பத்மநாபன் இன்னொருவர். ஆசிரியர், பொறியாளர், பாத்திரக்கடைக்காரர். மூவரும் சென்னையில் இல்லை, அதனால் பத்திரிகை ஆபீஸ்களின் படிக்கட்டுகளில் அவர்களைப் பார்க்க முடியாது. மூவரின் எழுத்துக்கும் ஒன்றோடொன்று ஒட்டே கிடையாது. தூரத்தில் இருப்பதன் லாபம் இது என்று நான் நம்புகிறேன். பக்கத்தில் இருந்திருந்தால் ஒருவேளை எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள்.

அங்கீகாரம் மெதுவாக வந்தது. விஷ்ணுபுரம் விருது 2010-இல் தொடங்கியபோது முதல் விருது மாதவனுக்கு, அவருக்கு வயது 76. சாகித்ய அகாடமி 2015-இல். அதுவும் கதைகளுக்கில்லை, 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரைத் தொகுப்புக்கு! அரை நூற்றாண்டு கதை எழுதிய மனிதருக்குக் கட்டுரைக்காக விருது கொடுப்பது தமிழில் புதிதும் இல்லை. 2021 ஜனவரி 5-ஆம் தேதி திருவனந்தபுரத்திலேயே காலமானார்.

நண்பரின் மகளுக்கு வெப்சைட் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. இங்கே காலேஜ் விண்ணப்பத்துக்கு அதெல்லாம் தேவைப்படலாம், அப்பாக்களின் கவலையும் நியாயம்தான். ஆனால் பன்னிரண்டு வயதில் 'நான் யார்' என்று இரண்டு வரி எழுதச் சொன்னால் குழந்தை தன்னைப் பார்க்க ஆரம்பிக்கும். கண்ணாடி முன்னால் நிற்கிறவளுக்கு ஜன்னல் வழியே போகிறவன் தெரியமாட்டான். அவளுக்கு ஒரு சாலை வேண்டும். எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டுக்கு மளிகை வாங்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போய், காரிலேயே போனோடு உட்காரவைக்காமல் கடைக்குள் கொஞ்ச நேரம் சும்மா நிற்கவிடலாம். வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிற மாமியையும், கல்லாவில் குஜராத்தியில் போன் பேசிக்கொண்டே நமக்குச் சில்லறை எண்ணுகிறவரையும், பின்னால் அரிசி மூட்டை இறக்குகிற ஸ்பானிஷ்காரப் பையனையும் அவள் பார்க்கட்டும். சீக்கிரம் வா என்று இழுக்காமல் இருப்பது நம் பொறுப்பு.

மாதவன் கதைகளைப் படிக்க நினைப்பவர்கள் 'பாச்சி'யில் தொடங்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அதை வாசித்துக் காட்டலாம், நடுவில் வருகிற மலையாளச் சொற்களை நிறுத்தி விளக்க வேண்டியதில்லை, புரியும். 'கிருஷ்ணப் பருந்து' பெரியவர்களுக்கு மட்டும். 'நாயனம்' ராத்திரி தூங்கப் போகும் முன் வேண்டாம்.