கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

எம்.ஏ. சமூகவியல் படித்த இரண்டு வருடமும் என் பையில் எப்போதும் நான்காக மடித்த ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். எங்கள் ஊருக்கு வந்துபோகும் பஸ்களின் நேரத்தை அதில் எழுதி வைத்திருந்தேன். காலை 6.10, 9.40. மதியம் 2.15. இரவு 7.20. அவ்வளவுதான். 6.10-ஐ விட்டால் முதல் வகுப்பு இல்லை. 7.20-ஐ விட்டால் வீடு இல்லை.

தென்மாவட்டத்தில் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் சிறிய ஊர். பல்கலைக்கழகம் அறுபது கிலோமீட்டர். மூன்று பஸ் மாற வேண்டும். வீட்டில் காரும் இல்லை, பைக்கும் இல்லை, அப்பாவின் சைக்கிள் மட்டும் உண்டு. அம்மாவுக்கு உடம்புக்கு முடியாததால் விடுதியில் தங்கும் பேச்சுக்கே இடமில்லை. சோறு பொங்கி வைத்துவிட்டுத்தான் நான் கிளம்ப வேண்டும்.

பஸ் எங்கள் காலனியைத் தாண்டித்தான் போகும். ஆனால் காலனியில் நிற்காது. ஸ்டாப் ஊர்த் தெரு முக்கில் இருந்தது. முக்கால் கிலோமீட்டர் நடந்து, டீக்கடையைக் கடந்து போய் நிற்க வேண்டும். "கலெக்டரம்மா கிளம்பிட்டாக" என்று யாராவது சொல்வார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் காகிதத்தைப் பார்ப்பதுபோல நிற்பேன்.

நான் படித்து முடித்தேன். என் சித்தி மகள் முடிக்கவில்லை. அவள் எடுத்தது பி.எஸ்சி. செய்முறை வகுப்பு முடிய மாலை ஐந்தாகிவிடும். அதன் பிறகு கிளம்பினால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது. பல நாள் பாதி வகுப்பில் எழுந்து வந்தாள். இருமுறை பஸ்ஸைத் தவறவிட்டு, இருட்டில் அவளை அழைத்து வர சித்தப்பா சைக்கிளில் போனார். இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டாள். கல்லூரிப் பதிவேட்டில் காரணம், "சொந்தக் காரணம்".

அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு தலித் மாணவி கல்லூரிக்குப் போய்ச் சேர முடியாமல் போவது சொந்தக் காரணம் அல்ல. அதற்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

வண்டி யாருடையது?

1901. பாபாசாகேப் அம்பேத்கருக்கு அப்போது வயது ஒன்பது இருக்கும். குடும்பம் சதாராவில் இருந்தது. அப்பா வேலை பார்த்த கோரேகாவுக்குக் கோடை விடுமுறையில் போக, அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் ரயில் ஏறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார். நல்ல உடை அணிந்த பிள்ளைகளிடம் அன்பாகப் பேசிய ஸ்டேஷன் மாஸ்டர், மகர்கள் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகிப் போகிறார். வெளியே மாட்டுவண்டிகள் நிற்கின்றன. ஒரு வண்டிக்காரரும் ஏற்றத் தயாராக இல்லை. கடைசியில் ஒருவர் ஒப்புக்கொள்கிறார், இரண்டு நிபந்தனைகளோடு. வாடகை இரண்டு மடங்கு. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார். கையில் சாப்பாடு இருந்தும் வழியில் தண்ணீர் கிடைக்காமல் பசியோடு அந்த இரவைக் கழித்தார்கள்.

அது ஒன்பது வயதுச் சிறுவனுக்கு நடந்தது. படித்துப் பெரிய ஆளாகிவிட்டால் மாறிவிடும் என்றுதானே நமக்குச் சொல்கிறார்கள்? 1929-இல் அவர் பாரிஸ்டர். கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் பெற்றவர். தீண்டத்தகாத மக்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். சாலிஸ்கான் ரயில் நிலையத்திலிருந்து மகர்கள் வாழும் பகுதிக்கு அவரைக் குதிரை வண்டியில் அழைத்துப் போக வேண்டும். வண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். வண்டியை வாடகைக்கு எடுத்து, ஓட்டத் தெரியாத நம் ஆள் ஒருவரே ஓட்டினார். பாலத்தில் வண்டி விபத்துக்குள்ளாகி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். காலில் எலும்பு முறிந்தது.

இரண்டையும் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். சொந்த வண்டி இல்லாதவரின் பயணம் வண்டி வைத்திருப்பவரின் சம்மதத்தில் நிற்கிறது. சாதிச் சமூகத்தில் அந்தச் சம்மதத்தைக் காசு கொடுத்து மட்டும் வாங்கிவிட முடியாது. படிப்பும் அதற்கு உத்தரவாதம் இல்லை.

ஏறும் உரிமை

மாட்டுவண்டி போய் மோட்டார் பஸ் வந்தபோது சாதி இறங்கிக்கொள்ளவில்லை. சென்னை மாகாணத்தில் தனியார் பஸ்களில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் வழக்கம் இருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் சாலையே பிரச்சினையாக இருந்தது. பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்று சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ஆண்டு 1924. நாம் இன்று கால் வைக்கும் தெருவுக்கு ஓர் அரசாணை தேவைப்பட்டது என்பதை மறக்க வேண்டாம்.

1920களின் இறுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தவர் சுயமரியாதை இயக்கத்தின் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சென்னை பாண்டி பஜாருக்குப் பெயர் தந்தவர். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். முதலாளிகளின் மனம் திருந்தும்வரை அவர் காத்திருக்கவில்லை. உரிமம் கொடுக்கும் அதிகாரம் கையில் இருந்தது, அதைப் பயன்படுத்தினார். பொதுப் போக்குவரத்தில் சாதியை உடைக்க நிர்வாகத்தால் முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே உள்ள பழைய சான்று இது.

பிறகு 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவாயின. 1974-இல் நெல்லையில் கட்டபொம்மன். பஸ் அரசின் சொத்தானது. டிக்கெட் வாங்கினால் எந்த சீட்டிலும் உட்காரலாம். பிறகு இலவசப் பயண அட்டையும் கட்டணச் சலுகையும் வந்தன. என்னைப் போன்ற முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரை உருவாக்கியதில் அரசு பஸ்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த பஸ்ஸுக்குள்ளும் சண்டை நடந்தது.

பெயர் எழுதிய பஸ்

1995 ஜூலையில் சங்கரன்கோவில் அருகே வீரசிகாமணியில் ஒரு பஸ் ஓட்டுநருக்கும் தலித் பள்ளி மாணவர்களுக்கும் தகராறு. அதிலிருந்து பற்றிய தீ தென்மாவட்டங்கள் முழுக்கப் பரவியது. அந்த ஆகஸ்ட் 31-இல் கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளைச் சூறையாடியது. கொடியன்குளம் நமக்குத் தெரியும். அதற்கு முந்தைய மாதம் பஸ்ஸில் தொடங்கியதைப் பலர் மறந்துவிட்டோம்.

இரண்டு ஆண்டு கழித்து, 1997. விருதுநகர் மாவட்டத்துக்கான புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. சுந்தரலிங்கம் கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளையரை எதிர்த்து உயிர் கொடுத்தவர். தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின.

யோசித்துப் பாருங்கள். இருபது ஆண்டுக்கு மேலாகக் கட்டபொம்மன் பெயர் எழுதிய பஸ்ஸில் போய்வந்த அதே வட்டாரத்தில்தான், அவருக்காக உயிர்விட்ட தளபதியின் பெயரைத் தாங்கிய பஸ்ஸில் ஏறுவது இழுக்காகிப் போனது. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை நீக்கிவிட்டது. இன்று எந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் தலைவர் பெயர் இல்லை. சிலர் இதைச் சமத்துவம் என்பார்கள். ஒரு தலித் வீரனின் பெயரை ஏற்க முடியாததால் வந்த சமத்துவம் அது. நான் 6.10 பஸ்ஸின் பக்கவாட்டைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே இல்லாத பெயர் நினைவுக்கு வரும்.

நிற்காத பஸ்

2021-இல் மாரி செல்வராஜின் 'கர்ணன்' வெளிவந்தபோது, ஒரு ஊருக்கு பஸ் ஸ்டாப் இல்லாததற்கா இவ்வளவு பெரிய படம் என்று உடன் பணிபுரியும் நகரத்துத் தோழி கேட்டார். ஸ்டாப்பில் நின்று ஏமாந்தவர்களுக்கு அந்தக் கேள்வி வராது. ஸ்டாப் எங்கே என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். ஊர்த் தெருவில் இருந்தால் பொது இடம், காலனியில் இருந்தால் தனிச் சலுகை என்று அந்த முடிவுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது.

2021 மே மாதம் வந்த மகளிர் கட்டணமில்லாப் பயணத் திட்டம் நம் பெண்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அது சாதாரண நகரப் பேருந்துகளுக்குத்தான். அறுபது கிலோமீட்டர் போகும் மாணவிக்கு முதல் பஸ் இலவசம், புறநகர் பஸ்ஸில் ஏறியதும் கட்டணம். நாளுக்கு நான்கு முறை மட்டும் பஸ் வரும் ஊரில், வராத பஸ் இலவசமாக இருந்து என்ன பயன்?

"ஒரு பைக் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்பார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதைச் சொல்லிச் சாதி பேசித் தாக்கினார்கள் என்பது குடும்பத்தின் புகார். அடுத்த மாதம் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுத பஸ்ஸில் போன பதினோராம் வகுப்பு தலித் மாணவனைக் கீழே இழுத்து வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. பைக்கிலும் வெட்டு, பஸ்ஸிலும் வெட்டு.

இதனால்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் பொது வாகனத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம் என்று எழுத வேண்டியிருந்தது. சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பதும் குற்றம் என்று தனியாகச் சேர்த்தார்கள். பிரிவு 3(1)(இசட்.ஏ.). 1901-இல் மசூரில் நடந்தது முடிந்த கதை என்றால் 2015-இல் இப்படி ஒரு பிரிவு எதற்கு? மாணவர்கள் இந்தப் பிரிவை மனப்பாடமாக வைத்திருங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

கள வேலையில் ஒரு காலனிக்குப் போனால் நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" பதிலைக் கேட்டாலே அந்த ஊரில் எத்தனை பெண்கள் கல்லூரியை முடிக்க முடியும் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

தம்பிகளே, தங்கைகளே, உங்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள். முதல் பஸ், கடைசி பஸ், காலனியிலிருந்து ஸ்டாப்புக்கு உள்ள தூரம், போன மாதம் எத்தனை நாள் பஸ் வரவில்லை, எத்தனை நாள் நிற்காமல் போனது, எத்தனை பேர் படிப்பை நிறுத்தினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி போட்டு எழுதுங்கள். அந்த வழித்தடத்துக்கு எத்தனை நடை அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அதுவே ஆதாரம். கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதிக்கொண்டு தனியாகப் போகாமல் பத்து பேராகப் போங்கள்.

கல்லூரிகளிடமும் கேட்க வேண்டியது உண்டு. கால அட்டவணை போடும்போது தூரத்திலிருந்து வரும் பிள்ளைகளின் பஸ் நேரத்தைப் பாருங்கள். இடைநிற்றல் படிவத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதுவதற்கு முன் அந்தப் பிள்ளை எந்த ஊரிலிருந்து எப்படி வருகிறது என்று ஒருமுறை விசாரியுங்கள்.

எங்கள் காலனியில் இப்போது பஸ் நிற்கிறது. நான்கு ஆண்டு மனு கொடுத்த பிறகு நின்றது. பெயர்ப் பலகை இல்லை, நிழற்குடை இல்லை, ஒரு வேப்பமரம்தான். கடைசி பஸ் இன்னும் அதே 7.20. அதை 8.30 ஆக்க இந்த மாதம் மீண்டும் மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து என் சித்தி மகளுடையது. அவள் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு.

ஜெய்பீம்.