எரிகுழம்பும் பட்டா நிலமும்: ஹவாயின் புனா வட்டாரத்து வரலாறு

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் பெரிய தீவு என்று வழங்கப்படும் ஹவாய்த் தீவின் கிழக்கு மூலையில் புனா வட்டாரம் அமைந்துள்ளது. அதன் நிலத்தின் பெரும்பகுதி கிலவேயா எரிமலையின் சரிவே ஆகும். கிலவேயா உச்சியில் மட்டும் பொங்கி அடங்கும் மலை அன்று. உச்சிப் பள்ளத்திலிருந்து கிழக்கே குமுகாஹி முனை வரை நிலத்தடியில் நீளும் பிளவுத் தொடர் ஒன்றின் வழியாக, உச்சிக்குப் பல கிலோமீட்டர் அப்பாலுள்ள காட்டிலோ தோட்டத்திலோ தெருவிலோ எரிகுழம்பு, அதாவது உருகிய பாறை, மேலெழுந்து வழியக்கூடியது. அது பெரும்பாலும் மெல்லவே நகர்வதால் புனா மக்களில் உயிரிழந்தவர்கள் மிகச் சிலர்; நிலத்தையும் வீட்டையும் இழந்தவர்களோ மிகப் பலர். ஆகவே அவ்வட்டாரத்தின் எரிகுழம்பு வரலாறு என்பது பெரிதும் நிலவுடைமையின் வரலாறாகவே இருக்கிறது. அங்கு நேர்ந்த இழப்பின் அளவை மலை எவ்வளவு தீர்மானித்ததோ, அதே அளவு நிலத்தைப் பங்கிட்ட முறையும் தீர்மானித்தது.

ஹவாய் எரிகுழம்பு இருவகைப்படும். கரடுமுரடான பாறைக் கட்டிகளாக உடைந்து உருண்டு முன்னேறுவதை 'ஆ-ஆ' என்றும், வழவழப்பான தோலுடன் கயிறு திரித்தாற்போல மடிந்து பரவுவதைப் 'பாஹோய்ஹோய்' என்றும் ஹவாய் மக்கள் வழங்கிய பெயர்களையே உலகெங்கும் நிலவியலார் ஏற்றுக்கொண்டனர். பாஹோய்ஹோய் ஏறத்தாழ 1,150 பாகை செல்சியசில் வெளிவந்தாலும், காற்றுப் பட்டவுடன் காய்ச்சிய பாலில் ஆடை படிவதைப் போல மேற்பரப்பு இறுகிவிடுவதால், உள்ளே இருக்கும் குழம்பு சூடு குறையாமல் குழாய்கள் வழியே நெடுந்தொலைவு செல்கிறது. முழங்கால் உயரத்தில் வந்து நின்றுவிட்டதாகத் தோன்றும் ஓட்டம், அடியில் புதுக்குழம்பு நிரம்ப நிரம்பத் தோலோடு மேலெழுந்து, சில நாட்களில் வீட்டுக் கூரை அளவுக்கு உயர்வதும் உண்டு. எனவே ஓட்டத்தின் முனை நின்றுவிட்டது என்பதைக் கொண்டு ஆபத்து நீங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. பக்கவாட்டில் தோல் வெடித்து ஒரு புதிய கிளை எந்நேரமும் கிளம்பக்கூடும். புதைந்த செடிகொடிகளிலிருந்து வெளிப்படும் மீத்தேன் வாயு ஓட்டத்துக்கு முன்னாலுள்ள மண்ணுக்கடியில் தீப்பற்றி வெடிப்பதும் அங்கு வழக்கமான நிகழ்ச்சியாகும்.

பதினைந்தாம் நூற்றாண்டில் கிலவேயாவிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுக்காலம் வெளிவந்த ஓட்டம் ஒன்று வட புனாவின் பெரும்பகுதியை மூடியது. நிலவியலார் அதற்கு, எரிமலைத் தெய்வமான பெலே வருவதற்கு முன்பு அம்மலையில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காடு தின்னும் தெய்வமாகிய ஐலாஆவின் பெயரைச் சூட்டியுள்ளனர். பெலே தன் தங்கை ஹிஇயாகா நேசித்த லெஹுவா மலர்க் காட்டை எரித்தாள் என்னும் பழங்கதை, தலைமுறைகள் கடந்து நீடித்த அந்தக் காட்டழிவின் நினைவைச் சுமந்து வந்திருக்கக்கூடும் என்று எரிமலை ஆய்வாளர் சிலர் கருதுவது ஏற்கத்தக்கதாகவே உள்ளது. அக்காலத்துக் குடியானவர்கள் நிலத்தை விற்கவோ வாங்கவோ இல்லை. மலையிலிருந்து கடல் வரை இறங்கும் 'அஹுபுவாஆ' என்னும் நிலப்பிரிவுக்குள், தலைவனுக்குரிய உழைப்பையும் விளைபொருளையும் அளித்து, காட்டு மரத்தையும் மேட்டு நிலக் கிழங்கையும் கடல் மீனையும் அவர்கள் ஒருங்கே பயன்படுத்தினர். எரிகுழம்பு ஒரு வயலை மூடினால், அது தொடாமல் தீவுபோல விட்டுச்சென்ற 'கீபூகா' என்னும் பசுந்திட்டுகளுக்கோ, அடுத்த ஊரிலிருந்த உறவினரிடமோ இடம்பெயர முடிந்தது. அந்த வாழ்க்கையிலும் பசியும் தலைவர்களின் கெடுபிடியும் இருந்தன என்பதை மறப்பதற்கில்லை. எனினும் ஒரு குடும்பத்தின் உடைமை முழுவதும் அசையாத நான்கு எல்லைக்கற்களுக்குள் அடைபட்டிருக்கவில்லை.

1848இல் ஹவாய் அரசு நிலத்தை மன்னருக்கும் தலைவர்களுக்கும் அரசாங்கத்துக்குமாகப் பிரித்த 'மாஹெலே' என்னும் பெரும் பங்கீடும், குடியானவர் தாம் பயிரிட்ட துண்டுகளுக்கு உரிமை கோர வகைசெய்த 1850ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த ஏற்பாட்டைக் குலைத்தன. ஆயினும் எரிகுழம்பை எதிர்கொள்ளும் மனப்பான்மை உடனே மாறிவிடவில்லை. அண்டை மலையான மௌனா லோவாவிலிருந்து 1880 நவம்பரில் புறப்பட்ட ஓட்டம் ஒன்பது மாதங்கள் நகர்ந்து ஹீலோ நகரின் எல்லையை நெருங்கியபோது, தேவாலயங்களில் வழிபாடு நடந்தது. கரை கட்டலாம், வெடி வைக்கலாம் என்னும் யோசனைகளும் எழுந்தன. அரச குடும்பத்தைச் சேர்ந்த ரூத் கெஎலிகோலனி கடல்கடந்து வந்து, குழம்பின் முனையில் பெலேவுக்குப் பிராந்தியும் சிவப்புப் பட்டுத் துணிகளும் படைத்தார். 1881 ஆகஸ்டில் ஓட்டம் நின்றது. 1935 டிசம்பரில் இன்னொரு மௌனா லோவா ஓட்டம் ஹீலோவை நோக்கி வந்தபோது, 1912இல் கிலவேயாவில் எரிமலை ஆய்வகத்தை நிறுவிய தாமஸ் ஜாகரின் ஆலோசனைப்படி அமெரிக்க இராணுவ விமானங்கள் அதன்மேல் குண்டு வீசின. ஒரு வாரத்துக்குள் ஓட்டம் அடங்கினாலும், அது குண்டுகளால் அடங்கியது என்பதைப் பிற்கால நிலவியலார் பெரும்பாலும் ஏற்கவில்லை. பெலேவின் பாதையில் குறுக்கிடுவது தகாது என்று கருதிய ஹவாய் மக்களின் மனத்தில் அந்தக் குண்டுவீச்சு ஆழ்ந்த வருத்தத்தை விட்டுச்சென்றது.

புனாவிலோ கரும்புத் தோட்டங்களும், ஓஹியா மரத்தை அறுத்து இருப்புப்பாதைக் கட்டைகளாக ஏற்றுமதி செய்த பஹோவா மர ஆலையும் ஜப்பானிய, பிலிப்பினோ, போர்த்துகீசியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து சேர்த்தன. 1955இல் கீழ்ப் புனாவில் 88 நாட்கள் நீடித்த எரிகுழம்புப் பெருக்கு விளைநிலங்களையும் சாலைகளையும் மூடியது. 1960 ஜனவரியில் கபோஹோ ஊருக்கு மேற்புறம் திறந்த பிளவு, மண்ணள்ளும் இயந்திரங்களால் அவசரமாக எழுப்பிய கரைகளையும் மீறி ஊரை ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கியது. 1955ஆம் ஆண்டு ஓட்டம் கடலுக்குள் நீண்டு உண்டாக்கிய புதுநிலம் யாருக்குச் சொந்தம் என்னும் வழக்கில், அது கரையோர நிலவுடைமையாளருக்கு உரியதன்று, பொதுமக்களின் நலனுக்காக அரசுக்கே உரியது என்று 1977இல் ஹவாய் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, புதைந்த நிலத்தின் பட்டா உரியவர் பெயரிலேயே நிலைத்தது, கடலில் புதிதாக எழுந்த நிலமோ அரசைச் சேர்ந்தது.

1955, 1960 ஆகிய ஆண்டுகளின் இரு பேரிழப்புகளும் நிகழ்ந்த அதே காலத்தில்தான் புனாவின் தலையெழுத்தை மாற்றிய இன்னொரு செயல் நடந்தது. 1958க்கும் 1973க்கும் இடையில் மனை வணிகர்கள், காடும் பழைய எரிகுழம்புப் பாறையுமாகக் கிடந்த நிலப்பரப்பைக் கட்டங்கட்டமாகக் கூறுபோட்டு 50,000க்கும் மேற்பட்ட மனைகளாக்கினர். குடிநீர்க் குழாயோ சாக்கடையோ இல்லாத இம்மனைகள், நேரில் வந்து பார்க்காத அமெரிக்கப் பெருநிலத்து மக்களுக்குக்கூட மலிவாக விற்கப்பட்டன; இன்றும் பல குடும்பங்கள் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்தே வாழ்கின்றன. கபோஹோவின் சாம்பல் ஆறுவதற்குள் இத்தனை மனைகளுக்கு ஒப்புதல் வழங்கிய ஆட்சியாளரின் செயல், புனாவின் வரலாற்றில் எந்த ஓட்டத்தையும்விடக் கூடுதல் துயருக்கு வித்திட்டது என்று சொல்வது மிகையாகாது. தீவை ஆபத்து மண்டலங்களாகப் பகுத்த முதல் நிலவியல் வரைபடம் 1974இல்தான் வெளிவந்தது. அதற்குள் மனைகள் பெரும்பாலும் விற்று முடிந்திருந்தன.

கிலவேயாவின் பிளவுத் தொடரில் 1983 ஜனவரி 3 அன்று தொடங்கிய பூ-ஓஓ எரிமலைப் பெருக்கு, 2018 ஏப்ரல் வரை முப்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. முதலில் ராயல் கார்டன்ஸ் என்னும் மனைப்பிரிவின் வீடுகள் எரிந்தன. 1986இல் குழம்பு வெளிவரும் வாய் கிழக்கே இடம்மாறியபின், ஓட்டம் கடற்கரை ஊர்களை நோக்கித் திரும்பி, 1990இல் கலபானாவை அடைந்தது. கலபானா புதிய மனைப்பிரிவு மட்டும் அன்று. படகேறி 'ஒபேலு' மீன் பிடிக்கும் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஹவாய்க் குடும்பங்களின் ஊர். அருகிலுள்ள தேசியப் பூங்கா நிலத்தில் அவர்களுக்குச் சில மீன்பிடி உரிமைகளை 1938ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனித்தே வழங்கியிருந்தது. 1990 முழுவதும் குழம்பு ஒரு தெருவை எரித்து, நின்று, பின்வாங்கியதுபோல் தோன்றி, மறுபடியும் பக்கத்துத் தெருவில் தலைகாட்டிக்கொண்டே இருந்தது. பெல்ஜியப் பாதிரியார் எவரிஸ்ட் கீலன் 1920களின் இறுதியில் கட்டி, உட்சுவரிலும் கூரையிலும் விவிலியக் காட்சிகளைத் தம் கையால் தீட்டிய சிறிய மரத்தேவாலயம் ஒன்று அங்கு இருந்தது. குழம்பு நெருங்கிய 1990 மே மாதத்தில் அது அடித்தளத்திலிருந்து அப்படியே தூக்கப்பட்டு, பெரும் வண்டியில் ஏற்றப்பட்டு வெளியே கொண்டுசெல்லப்பட்டது. இன்று நெடுஞ்சாலை ஓரத்தில் வேறிடத்தில் நிற்கிறது. மெல்ல வரும் எரிகுழம்பு மனிதருக்குக் கொடுக்கும் அவகாசம் இத்தகையது: எடுத்துச்செல்லத்தக்க மரக்கட்டடம் தப்பியது, எடுத்துச்செல்ல முடியாத ஊர் அழிந்தது. தென்னைகள் சூழ்ந்த கைமூ விரிகுடாவும் அதன் கருமணல் கரையும் அவ்வாண்டே பல மீட்டர் தடிமனான பாறைக்கு அடியில் மறைந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. நிலமிழந்த ஹவாய்க் குடும்பங்களுக்காகக் கிகாலா-கெயோகெயா என்னுமிடத்தில் அரசு நீண்டகாலக் குத்தகையில் மனை ஒதுக்கியபோதிலும், கடலோடு இணைந்த ஒரு தொழிலின் ஊரை ஒதுக்கீட்டு ஆணையால் மீண்டும் உண்டாக்கிவிட முடியவில்லை.

கலபானாவுக்குப் பின் காப்பீட்டு நிறுவனங்கள் மிக ஆபத்தான முதலிரண்டு மண்டலங்களிலிருந்து விலகத் தொடங்கின. காப்பீடு இன்றி வங்கிக் கடன் கிடைக்காது என்பதால், மாநிலச் சட்டமன்றம் 1991இல் வேறு வழியற்ற வீட்டுடைமையாளருக்கெனத் தனிக் காப்பீட்டுச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தியது. அது பலருக்குக் கைகொடுத்தது உண்மையே. ஆனால் தீவிலேயே மலிவான நிலம் மிக ஆபத்தான நிலமாகவும் இருக்கும் நிலையை அது மாற்றவில்லை, மாற்றியிருக்கவும் முடியாது. ஹவாயில் வீட்டு விலை ஏற ஏற, கூலிக்கு உழைப்போரும் முதியோரும் புனாவுக்கே வந்து குடியேறினர்.

2014 ஜூன் 27 அன்று பூ-ஓஓவின் பக்கத்தில் கிளம்பிய பாஹோய்ஹோய் ஓட்டம் நான்கு மாதங்களில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நகர்ந்து பஹோவா ஊரை எட்டியது. அக்டோபர் 25 அன்று ஊரின் எல்லைச் சாலை ஒன்றைக் கடந்து, மறுநாள் தோட்டத் தொழிலாளரான ஜப்பானியரின் வழித்தோன்றல்கள் பேணிவந்த பௌத்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்தது. மாத இறுதியில் கடைத்தெருவுக்குச் சுமார் 150 மீட்டர் தொலைவில் முனை நின்றது. நவம்பர் 10 அன்று ஒரு வீடு எரிந்தது. மின்கம்பங்களைச் சுற்றி எரிகுழம்பின் வெப்பம் தாக்காதபடி மண்குவியலும் காப்புறையும் அமைத்து, ஓட்டம் கடந்த பின்னும் சில கம்பங்கள் நிற்கும்படி செய்தனர். ஊரின் ஒரே நெடுஞ்சாலை துண்டிக்கப்படும் என்று அஞ்சி, கைவிடப்பட்ட காட்டுப்பாதைகள் சீர்செய்யப்பட்டன. முந்தைய ஓட்டங்கள் புதைத்த கடற்கரைச் சாலையின் மேல் புதிய அவசரப் பாதை வெட்டப்பட்டது. ஒரு தொடக்கப்பள்ளி மூடப்பட்டு மாணவர் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டனர். உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் மீண்டும் மீண்டும் நடந்த கூட்டங்களில் ஓட்டத்தைத் திசைதிருப்பக் கரை எழுப்ப வேண்டும் என்று சிலர் கோரினர். பெலேவின் பாதையைத் தடுக்கலாகாது என்று ஹவாய் மக்களில் பலர் எதிர்த்தனர். அரசு கரை கட்டவில்லை, அம்முடிவு சரியானதே. சமயக் காரணத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், சரிவு மிகக் குறைவான அந்நிலத்தில் ஒரு மனையிலிருந்து திருப்பிய குழம்பு இன்னொருவர் மனையில்தான் போய் நிற்கும். கூறுபோட்ட நிலத்தில் குழம்பைத் தள்ளிவிட உரிமையாளர் இல்லாத இடமே மிஞ்சியிருக்கவில்லை.

பஹோவா தப்பியது, ஆனால் 2018 மே 3 அன்று லெய்லானி எஸ்டேட்ஸ் என்னும் மனைப்பிரிவின் தெருக்களிலேயே பிளவுகள் திறந்தன. அவற்றுள் எட்டாம் பிளவிலிருந்து ஆறாய்ப் பெருகி வேகமாக ஓடிய குழம்பு கபோஹோ விரிகுடாவை நிரப்பியது. 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. எட்டாம் பிளவு கட்டியெழுப்பிய கூம்புக்குப் பின்னர் அஹுஐலாஆவு என்னும் பெயர் சூட்டப்பட்டபோது, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தெய்வம் நிலவியல் வரைபடத்தில் மீண்டும் இடம்பெற்றது. அப்பெருக்குக்குப் பின், அமெரிக்க நடுவண் அரசின் பேரிடர் நிதியைக் கொண்டு, விரும்பும் உரிமையாளரிடமிருந்து பாதிக்கப்பட்ட மனைகளை மாவட்ட நிருவாகமே விலைக்கு வாங்கி, மீண்டும் வீடு எழாதபடி ஒதுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கூறுபோட்ட நிலத்தைத் திரும்பச் சேர்க்கும் முயற்சியாக அது அமைந்தது. ஆனால் அதில் சேர்வது அவரவர் விருப்பம். கலபானாவில் 1990இல் புதைந்த மனைகளின் உரிமையாளர் சிலர், பாறையின்மேலேயே வீடு கட்டிக் குடியேறியிருந்தனர். 2010இல் எரிகுழம்பு அங்கு மீண்டும் வந்து அவற்றுள் சிலவற்றை எரித்தது. அதற்குப் பின்னும் அங்கு வீடுகள் எழுந்துள்ளன.